சிம்ப்யூட்டர்: கையடக்கக் கணினியும் திறமூல இயங்குதளமும்

சிம்ப்யூட்டர், 2001இல் பெங்களூரில் அறிமுகமான கையடக்கக் கணினி. ‘எளிய, விலை குறைந்த, பன்மொழி மக்கள் கணினி’ என்பது அதன் ஆங்கிலப் பெயரின் விரிவு. லினக்ஸ் இயங்குதளத்தை உள்ளங்கையளவுக் கருவியில் ஏற்றி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பயன்படச் செய்ய முனைந்த இந்திய முன்னோடி முயற்சி இது. சந்தையில் இக்கருவி தோற்றது. ஆனால் அதற்கு இயங்குதளத்தைத் தேர்ந்தவர்களின் கணிப்பு தோற்கவில்லை என்பதைப் பின்வந்த இருபது ஆண்டுகள் காட்டின.

1998 அக்டோபரில் வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றிப் பெங்களூரில் ஒரு கருத்தரங்கு நடந்தது. கிராமத்து மனிதருக்கு எட்டும் விலையில் ஒரு கணினி வேண்டும் என்ற எண்ணம் அங்கே உருப்பெற்றது. அடுத்த ஆண்டு சிம்ப்யூட்டர் அறக்கட்டளை அமைந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலியோரும் அதில் சேர்ந்தனர். முதல் மாதிரி 2001 ஏப்ரலில் காட்டப்பட்டது. 206 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இன்டெல் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, 32 எம்பி நினைவகம், கறுப்பு வெள்ளைத் தொடுதிரை, ஸ்மார்ட் கார்டு செருகும் வாய் ஆகியவை அதில் இருந்தன. குறிவைத்த விலை ஏறத்தாழ 9,000 ரூபாய்.

அன்றைய கையடக்கக் கணினிச் சந்தையில் பாம் நிறுவனத்தின் இயங்குதளமும் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சிஇயும் ஆட்சி செய்தன. பாம் இயங்குதளம் இலேசானது, மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிட்டது. ஆனால் அது ஒருவர் தம் நாட்குறிப்பையும் முகவரிகளையும் வைத்துக்கொள்வதற்காகவே எழுதப்பட்டது. விண்டோஸ் சிஇக்கு விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிமக் கட்டணம் உண்டு. 9,000 ரூபாய்க்குள் அடக்கப் பார்க்கும் கருவியில் அந்தச் செலவே பெரும் சுமை. லினக்ஸுக்கு அந்தச் செலவு இல்லை. அதோடு, ஆர்ம் வகைச் சில்லுகளில் லினக்ஸை ஓடச் செய்யும் வேலை உலகின் பல மூலைகளில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. காம்பேக்கின் ஐபேக் கருவி விண்டோஸோடுதான் கடைக்கு வந்தது. ஆனால் 2000இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதில் லினக்ஸை ஏற்றிக் காட்டினர். ஐபேக்கில் இருந்ததும் இதே ஸ்ட்ராங்ஆர்ம் சில்லுதான். ஜப்பானின் ஷார்ப் நிறுவனமும் தன் ஸாரஸ் கருவிக்கு லினக்ஸையே தேர்ந்துகொண்டது.

விலையைவிட வலுவான காரணம் ஒன்றும் இருந்தது. சிம்ப்யூட்டர் ஒரு ஆளுக்கு ஒன்று என்று திட்டமிட்ட கருவியன்று. ஊருக்கு ஒன்று இருக்கும், பஞ்சாயத்திலோ கடையிலோ வாடகைக்குக் கிடைக்கும், வருபவர் தம் ஸ்மார்ட் கார்டைச் செருகினால் அவருடைய விவரங்கள் மட்டும் திறக்கும், வேலை முடிந்ததும் கார்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதே எண்ணம். பலர் பகிரும் கருவிக்கு, பல பயனர்களைப் பிரித்தறியும் யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் இயல்பாகவே பொருந்தியது. இந்தத் திட்டத்தின் மிக அழகிய சிந்தனை இதுவென்றே சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கருவி வாங்க முடியாத நாட்டில் கருவியைப் பொதுவாக்கி, தகவலைத் தனியாக்கினார்கள்.

அடுத்தது மொழி. அந்நாளில் இந்திய எழுத்துகளைத் திரையில் சரியாகக் காட்டுவதே பெரும்பாடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடுதான் தமிழுக்குப் பொதுவான விசைப்பலகையையும் குறியாக்கத்தையும் வகுக்க முனைந்தது. மூடிய இயங்குதளமாக இருந்தால், அதன் உரிமையாளர் மனம் வைக்கும்வரை ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வந்து நிற்காது. நிரல் கையில் இருந்தால் தேவைப்படுபவரே திருத்திக்கொள்ளலாம். சிம்ப்யூட்டர் குழு அதற்கும் ஒரு படி மேலே போனது. படிக்கத் தெரியாதவருக்காகத் திரையில் உள்ளதைக் கருவியே வாசித்துச் சொல்ல வேண்டும் என்று, ரமேஷ் ஹரிஹரன் ‘த்வனி’ என்ற பேச்சொலி மென்பொருளை எழுதினார். பதிவுசெய்த சிறு ஒலித்துண்டுகளை ஒட்டிச் சொற்களாக்குவது அதன் முறை. எழுதியபடியே ஒலிக்கும் மொழிகளுக்கு இது எளிது. தமிழில் ஒரே ‘க’ இடத்துக்கேற்ப மூன்று விதமாய் ஒலிப்பதால் கூடுதல் விதிகள் வேண்டும். த்வனி கட்டற்ற மென்பொருளாக வெளிவந்ததால், சிம்ப்யூட்டர் மறைந்த பின்னும் சந்தோஷ் தோட்டிங்கல் முதலிய தன்னார்வலர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள்; தமிழும் அதில் சேர்ந்தது.

வன்பொருளையும் திறந்துவிட அறக்கட்டளை துணிந்தது. வடிவமைப்பை யாரும் எடுத்து மாற்றலாம், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மாற்றங்களைப் பொதுவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தனி உரிமத்தையே வகுத்தது.

கருவி கடைக்கு வரத் தாமதமானது. பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபெட்டா நிறுவனத்துக்காகப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த ‘அமிடா’ 2004இல்தான் விற்பனைக்கு வந்தது. விலை 9,950 ரூபாயில் தொடங்கியது. கருவியைச் சாய்த்தால் உணரும் அசைவுணரி அதில் இருந்தது. ஐபோன் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. கர்நாடகத்தில் நிலப் பதிவேட்டுப் பணிக்கும் சத்தீஸ்கரில் கல்விக்கும் சிம்ப்யூட்டர் பயன்பட்டது. ஆனால் பெருந்தொகையாக வாங்குவார்கள் என்று நம்பிய அரசுகள் வாங்கவில்லை. விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது. எண்ணிக்கை பெருகாததால் விலை இறங்கவில்லை, விலை இறங்காததால் எண்ணிக்கை பெருகவில்லை. அதற்குள் செல்பேசி மலிந்து, கணினி வருவதற்கு முன்பே கிராமத்துக்குள் நுழைந்துவிட்டது. குற்றத்தை லினக்ஸ் மேல் போட இதில் இடமே இல்லை.

2008இல் லினக்ஸ் கருனியின் மேல் அமைந்த ஆண்ட்ராய்டு வந்தது. 2011 அக்டோபரில் மாணவர்களுக்கென மத்திய அரசு அறிமுகப்படுத்திய ஆகாஷ் கைக்கணினியில் ஆண்ட்ராய்டு 2.2 இருந்தது. 2017இல் வந்த ஜியோபோனின் கைஓஎஸ், மொசில்லா கைவிட்ட ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்தின் நிரலிலிருந்து கிளைத்தது. நிரல் திறந்து கிடந்ததால்தான் கைவிட்டதையும் இன்னொருவர் எடுத்து ஓட்ட முடிந்தது.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறமூலம் என்றாலும், கடையில் வாங்கும் பெரும்பாலான பேசிகளில் அதன்மேல் கூகுளின் மூடிய சேவைகள் ஏறியிருக்கின்றன. இயங்குதளத் தேர்வு பற்றிய கேள்வி இங்கே மீண்டும் எழுந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை மேசைக் கணினிக்கு உருவாக்கியது அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம். கைப்பேசிக்கான விடையும் சென்னையிலிருந்தே வந்தது. சென்னை ஐஐடியின் பிரவர்த்தக் அறக்கட்டளையில் வளர்ந்த ஜண்ட்கே ஆபரேஷன்ஸ் நிறுவனம் உருவாக்கிய பார்ஓஎஸ், 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. முன்கூட்டியே பதிந்த செயலிகள் எதுவும் இதில் இல்லை. எந்தச் செயலி வேண்டும், எதற்கு எந்த அனுமதி தர வேண்டும் என்பதைப் பயனரே முடிவு செய்கிறார். நிறுவனங்கள் தாம் சோதித்து ஏற்ற செயலிகளுக்கெனத் தனிக் கிடங்கு வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு முக்கியமான பணியில் இருக்கும் அமைப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது. இதன் அடித்தளமும் ஆண்ட்ராய்டின் திறமூல நிரலே. அந்த நிரலில் பெரும்பகுதியை இன்றும் எழுதுவது கூகுள்தான்.