ஸ்டிரிக்னைன்

எட்டி மரத்தின் விதையில் உள்ள கொடிய ஆல்கலாய்டு. கல்வராயன் மலை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் எட்டி தானாகவே வளர்கிறது. பழம் ஆரஞ்சு நிறத்தில் உருண்டு, பார்க்க ஆசையூட்டும். உள்ளே வெண்சதையில் சட்டைப் பொத்தான் போலத் தட்டையான, சாம்பல் நிற விதைகள்; தடவினால் பட்டுமயிர் விரலில் வழுக்கும். குழந்தைகள் பொறுக்கி விளையாடக் கூடாத பொத்தான் இது.

1818இல் பிரெஞ்சு வேதியியலர்கள் பெல்லெட்டியே, காவாந்து இருவரும் ஸ்டிரிக்னைனைப் பிரித்தெடுத்தனர். வாய்பாடு C₂₁H₂₂N₂O₂. ஏழு வளையங்கள் பின்னிய இதன் அமைப்பைத் தெளிவாக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. 1954இல் வேதியியலர் உட்வர்டு இதை ஆய்வகத்திலேயே தொகுத்தது கரிம வேதியியலின் பெருஞ்சாதனை. நிறமற்ற படிகம்; நீரில் மிகக் குறைவாகவும் குளோரோஃபார்மில் நன்றாகவும் கரையும். இரண்டு நைட்ரஜன்களில் ஒன்றுக்கே காரத்தன்மை உண்டு; அமிலத்தோடு சேர்ந்து உப்பாகும். நீரில் துளியளவு கலந்தாலும் கசப்பு நாவில் தெரியும். விதையில் உடன் இருக்கும் புரூசின் என்ற ஆல்கலாய்டு இதைவிட நஞ்சு குறைந்தது. நைட்ரிக் அமிலம் பட்டால் புரூசின் செக்கச்சிவக்கும்.

தண்டுவடத்தில் தசை இயக்கத்தை அடக்கிவைக்கும் கிளைசினின் ஏற்பிகளை ஸ்டிரிக்னைன் அடைத்துவிடுகிறது. சிறு ஓசைக்கும் உடல் வில்லாய் வளையும். நினைவு மட்டும் தப்பாது. மூச்சுத் தசைகள் இறுகுவதால் உயிர் போகிறது. மாற்று மருந்து கிடையாது. இருண்ட, அமைதியான அறை, டயசிபாம், செயற்கைச் சுவாசம் ஆகியவையே துணை. சித்த மருத்துவத்தில் எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்த பின்பே மருந்தில் சேர்ப்பார்கள்; வீட்டில் முயல்வது உயிருக்கு ஆபத்து.