பெருமுகக் கணினிகளும் கட்டளைச் சுருக்கங்களும்

மெயின்பிரேம் எனப்படும் பெருமுகக் கணினிகளின் முனையங்களில் அமர்ந்தவர்கள் நெடுங்காலம் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே வேலை வாங்கினர். ஒவ்வோர் இயக்குதளமும் தனித்தனிக் கட்டளைச் சொற்களைக் கொண்டிருந்தது. ஒரு கோப்பை அழிக்க ஐபிஎம் நிறுவனத்தின் சிஎம்எஸ் இயக்குதளத்தில் 'ஈரேஸ்' என்று தட்ட வேண்டும். அதே நிறுவனத்தின் டிஎஸ்ஓ அமைப்பிலோ 'டெலீட்'. இரண்டும் ஒரே வகை வன்பொருளில் ஓடியவை என்பதுதான் வேடிக்கை. இரண்டிலும் மாறி மாறிப் பணிபுரிந்தவர்கள், எங்கு சென்றாலும் தம் விரல்களுக்குப் பழகிய சொல்லே செல்லுபடியாக வேண்டும் என்று விரும்பினர்.

இதற்கான வழி அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் தொடங்கியது. அங்கு 1961இல் செய்துகாட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு அமைப்புக்காக, பிரெஞ்சுப் பொறியாளர் லூயி பூசான் 'ரன்காம்' என்ற நிரலை எழுதினார். ஒரு கோப்பில் எழுதி வைத்த கட்டளைகளை அது வரிசையாக நிறைவேற்றியது. இன்றும் யுனிக்ஸ் வழி வந்த அமைப்புகளில் தொடக்க அமைவுக் கோப்புகளின் பெயர் 'ஆர்சி' என்று முடிவது இதன் எச்சமே. அடுத்து வந்த மல்டிக்ஸ், 'அப்ரெவ்' என்ற வசதியால் பயனர் தாமே சுருக்கங்களை வகுத்துச் சேமித்துக்கொள்ள இடமளித்தது.

சிஎம்எஸ் தந்த 'சினனிம்' வசதி இன்னும் நேரடியானது. ஒரு கோப்பில் கணினியின் சொல், பயனர் விரும்பும் சொல், தட்ட வேண்டிய குறைந்தபட்ச எழுத்துகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதினால் போதும். 'ஈரேஸ் டெலீட் 3' என்று குறித்துவிட்டால், டிஎஸ்ஓ பழக்கமுள்ளவர் 'டெலீட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியே கோப்பை அழிக்கலாம். 'புரொஃபைல் எக்ஸெக்' என்ற தொடக்கக் கோப்பில் அதை இயக்கும் கட்டளையைச் சேர்த்தால், ஒவ்வொரு முறை நுழையும்போதும் அது தானே நடைமுறைக்கு வரும்.

சொற்களைவிடப் பெரிய இடர் விசைகளில் இருந்தது. டிஎஸ்ஓவின் ஐஎஸ்பிஎஃப் தொகுப்பியில், வழக்கமான அமைப்பின்படி, பிஎஃப்3 விசை மாற்றங்களைச் சேமித்துவிட்டு வெளியேறும். சிஎம்எஸ்ஸின் எக்ஸ்எடிட் தொகுப்பியில் அதே விசைக்குச் 'சேமிக்காமல் வெளியேறு' என்பதே பொருள். மாற்றங்கள் இருந்தால் அது எச்சரித்து நின்றுவிடும். அதனால் எக்ஸ்எடிட் பழக்கத்தில், வேண்டாத திருத்தங்களைக் கைவிட எண்ணி ஐஎஸ்பிஎஃபில் அந்த விசையை அழுத்துபவரின் தவறுகளும் சத்தமின்றிப் பதிவாகிவிடும். இரு இடங்களிலும் விசைகளை ஒன்றுபோல் அமைத்துக்கொள்வது சோம்பேறித்தனம் அன்று, தற்காப்பு.

ஆனாலும் சொந்தச் சுருக்கம் சொந்தக் கணக்கில்தான் வேலை செய்யும். சக ஊழியரின் முனையத்தில் அமர்ந்தால் அது கைவிடும். சுருக்கங்களைப் பொது நிரல்களில் எழுதி வைத்தால், அவை பிறர் கணக்கில் ஓடாமல் நிற்கும்.

கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் வேறு வழியில் சென்றனர். கெர்னிகன், பிளாகர் ஆகியோர் 1976இல் வெளியிட்ட 'சாஃப்ட்வேர் டூல்ஸ்' நூலின் நிரல்களை அடிப்படையாகக் கொண்டு, ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல கணினிகளில் ஒரே கட்டளைத் தொகுதியை நிறுவினர். அம்முயற்சியை ஹால், ஷெரர், ஸ்வென்டெக் ஆகிய மூவரும் 1980இல் 'மெய்நிகர் இயக்குதளம்' என்னும் பொருள்படும் தலைப்பிட்ட கட்டுரையில் விளக்கினர்.