அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெருவகுப்புகள்

பல நூறு மாணவர்கள் ஓர் அரங்கில் அமர்ந்து ஒரே பேராசிரியரின் விரிவுரையைக் கேட்கும் வகுப்பைப் பெருவகுப்பு எனலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வேதியியல், இயற்பியல், நுண்கணிதம், உளவியல், பொருளியல் ஆகிய பாடங்களில் இம்முறை பரவலாக உள்ளது.

தோற்றம்

1636-இல் நிறுவப்பட்ட ஹார்வர்டு முதலிய பழைய கல்லூரிகளில் வகுப்புகள் சிறியவை. பாடநூலை மனப்பாடம் செய்து ஆசிரியர் முன் ஒப்பிப்பதே அன்றைய முறை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் தாக்கத்தால் ஆய்வு முதன்மை பெற்றது. 1876-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இதற்கு முன்னோடி. ஒப்பித்தல் மெல்லக் குறைந்து விரிவுரை வளர்ந்தது.

போருக்குப் பின்

1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்விக் கட்டணமும் வாழ்க்கைப்படியும் வழங்கியது. இச்சட்டத்தின்கீழ் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிகளில் சேர்ந்தனர். 1947-இல் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் படைவீரர்களே. அத்தனை பேருக்குப் போதிய ஆசிரியர்களும் அறைகளும் இல்லை. தற்காலிகக் கொட்டகைகளிலும் வகுப்புகள் நடந்தன. குறைந்த செலவில் பலருக்குக் கற்பிக்கும் வழியாகப் பெருவகுப்பு நிலைபெற்றது. எளிய குடும்பத்தினர் பலருக்குக் கல்லூரி வாயில் திறந்ததில் இதற்கும் பங்குண்டு.

வகுப்பின் அமைப்பு

பொதுவாக வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் விரிவுரை நடைபெறும். மற்றொரு நாளில் மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஆசிரிய உதவியாளராகப் பணிபுரியும் முதுநிலை மாணவரிடம் ஐயங்களைத் தீர்த்துக்கொள்வர். பேராசிரியரை நேரில் காண ‘அலுவலக நேரம்’ ஒதுக்கப்படும்.

கூட்டத்தில் தனிமை

பெருவகுப்பில் மாணவரின் பெயரைக்கூடப் பேராசிரியர் அறியாமல் போகலாம். 1964-இல் பெர்க்லியில் நடந்த பேச்சுரிமைப் போராட்டத்தின்போது, தங்களைக் கணினித் துளை அட்டைகளைப் போல் நடத்தாதீர் என்று மாணவர்கள் முழங்கியதில் இந்த மனக்குறையும் வெளிப்பட்டது.

1970-களில் அதே பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் ஒரு சிக்கலை ஆராய்ந்தார். பள்ளியில் சிறந்து விளங்கிய கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதத்தில் தோற்றனர். ஆர்வமின்மை, குடும்பச் சூழல் எனப் பேராசிரியர்கள் காரணம் கூறினர். டிரைஸ்மன் மாணவர்கள் படிக்கும் விதத்தை உடனிருந்து கவனித்தார். சீன அமெரிக்க மாணவர்கள் கூடிப் படித்து, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தனர். கறுப்பின மாணவர்களோ கடுமையாக உழைத்தும் தனித்தே படித்தனர். தவறு எங்கே என்று சொல்ல அருகில் எவரும் இல்லை. எனவே அவர் எளிய பாடம் தராமல், கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்யும் பயிலரங்கை அமைத்தார். அதில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது.

மாற்றங்கள்

1990-களின் தொடக்கத்தில் ஹார்வர்டு இயற்பியலாளர் எரிக் மசூர், விரிவுரையின் நடுவே வினா எழுப்பி, மாணவர்களை அருகிலிருப்பவருடன் விவாதிக்கச் செய்தார். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் குறித்த 225 ஆய்வுகளை ஒப்பிட்டு 2014-இல் வெளியான கட்டுரை, வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 விழுக்காடு என்றும், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 விழுக்காடு என்றும் காட்டியது.

பெருவகுப்புகள் இன்றும் தொடர்கின்றன. அவற்றில் சேரும் மாணவருக்கு, உடன் படிக்க நான்கு பேரைத் தேடிக்கொள்வதும், அலுவலக நேரத்தைத் தயங்காமல் பயன்படுத்துவதும் பாடநூலைப் போலவே இன்றியமையாதவை.