நிலப்பலகையில் எதை மிச்சம் பிடிப்பது?

கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வீடுகளுக்கு நிலப்பலகை பதிப்பது என் தொழில். வேலைக்குக் கூப்பிடுபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணை, பேர்போன கொம்பனிப் பலகை எடுக்கிறதோ, மலிவானது காணுமோ?" ஒரு வரியில் மறுமொழி சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. மரத்தை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் அடுக்குப் பலகை உருவாகி வந்த கதை தெரிந்தால், எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது தானாக விளங்கும்.

வெட்டிப் பலகையாக்கிய பிறகும் மரம் சும்மா கிடப்பதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் அகலவாட்டில் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளவாட்டில் அந்த அசைவு மிகக் குறைவு. கனடாவின் குளிர்காலத்தில் ஹீற்றர் ஓட ஓட வீட்டுக்குள் காற்று காய்ந்து, முழுமரப் பலகைகளுக்கு நடுவே நீக்கல் விழுகிறது. கோடை வந்ததும் அதே பலகைகள் ஈரத்தைக் குடித்து ஒன்றையொன்று நெருக்குகின்றன. நீண்ட குளிரும் சூடேற்றிய வீடுகளும் சுவீடனுக்கும் பொது. தீர்வும் அங்கேதான் பிறந்தது.

தெற்குச் சுவீடனில் ஸ்மோலாந்து காட்டு நாடு. அங்கே நீப்ரோ என்ற ஊரில் மரத்தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர் குஸ்தாவ் கேர். இன்று கேர்ஸ் என்று உலகம் அறிந்த கொம்பனி அவர் பெயரில் வந்தது. பல அடுக்கு நிலப்பலகைக்கு அவருக்கு 1941இல் காப்புரிமை கிடைத்தது. மேலே ஓக் போன்ற வன்மரம். நடுவில் பைன் அல்லது ஸ்ப்ரூஸ் சட்டங்கள் குறுக்காக. அடியில் மறுபடியும் நீளவாட்டில் ஒரு மெல்லிய தகடு. மேலடுக்கு அகலப் பார்த்தால் நடுவடுக்கு இழுத்துப் பிடிக்கும். இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஓக் முதிர நூறாண்டுக்கு மேலாகும். அந்த மரம் கால் படும் இடத்தில் மட்டும் இருந்தால் போதும், அடிப்பாகத்துக்கு விரைவில் வளரும் மரம் காணும்.

ஆகவே இந்தப் பலகை பிறந்ததே சிக்கனத்தில்தான். விலைகூடிய கொம்பனியும் சிக்கனம் செய்தே பெயர் எடுத்தது. சிக்கனம் பலகையின் எந்த இடத்தில் நடக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பின்னாளில் அந்தச் சிக்கனம் அடியடுக்கிலிருந்து மேலடுக்குக்கு ஏறத் தொடங்கியது. நல்ல பலகையில் மேலடுக்கு மூன்று, நான்கு மில்லிமீற்றர் இருக்கும். வாளால் அறுத்து எடுத்த மரம். மலிவானதில் அது ஒரு மில்லிமீற்றருக்கும் கீழே போவதுண்டு. பெரும்பாலும் மரக்குற்றியை அவித்து, கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, நீளக் கத்தியால் தோல்போல உரித்தெடுத்த தகடு அது. கண்ணுக்குப் பழகினால் முகத்தைப் பார்த்தே சொல்லலாம்: உரித்த ஓக்கில் வரிகள் அலை அலையாக அகன்று ஓடும், அறுத்த ஓக்கில் நெருங்கி நிற்கும். கடையில் மாதிரித் துண்டின் அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்து, மேலடுக்கோடு ஒரு 25 சத நாணயக் குற்றியை வைத்துப் பாருங்கள். குற்றியின் தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. மெசின் போட்டு ஒருமுறை உரஞ்சினால் அரை மில்லிமீற்றருக்கு மேல் போய்விடும். குற்றியைவிட மெல்லிய மேலடுக்கை உரஞ்ச நான் துணிய மாட்டேன். கீறல் விழுந்தால் கழற்றி எறிவதுதான் வழி.

மலிவுப் பலகைக்கு நன்மை செய்த மாற்றமும் உண்டு. 1990களில் சுவீடனின் வேலிங்கே, பெல்ஜியத்தின் யூனிலின் ஆகிய கொம்பனிகள் பசையும் ஆணியும் இல்லாமல் பலகையைப் பலகையோடு பூட்டும் முறையை உருவாக்கி, உரிமக் கட்டணத்துக்கு மற்றவர்களுக்கும் கொடுத்தன. அதனால் சாதாரண விலைப் பலகைகூட இறுக்கமாகப் பூட்டுகிறது. ஆணி அடிக்க முடியாத கொங்கிறீற் தளம் கொண்ட ரொறன்ரோ கொண்டோக்களுக்குள் மரநிலம் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பலகையைப் பூட்டி மூட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் கடைந்த வேலை சுத்தம், பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி.

பசையின் கதைதான் எனக்கு மிக முக்கியம். அடுக்குகளை ஒட்டும் யூரியாப் பசையிலிருந்து ஃபோர்மல்டிஹைட் ஆவி கசியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது. கலிபோர்னியா 2009இல் ஒட்டுப்பலகைக்கும் துகள்பலகைக்கும் வரம்பு கட்டத் தொடங்கியது. அமெரிக்கா முழுவதற்குமான சட்டம் 2010இல் வந்தது. கனடாவின் விதிகள் 2023 ஜனவரி 7இல்தான் நடைமுறைக்கு வந்தன. பழைய இருப்பை யாராவது அடிமாட்டு விலைக்குத் தந்தால், அந்தத் திகதியை நினைவில் வைத்துப் பெட்டியின் லேபிளை வாசியுங்கள். நிலத்துக்கு மிக அருகில் மூச்சு விடுவது தவழும் குழந்தைதான்.

காட்டிலும் மிச்சம் பிடித்தார்கள். அமெரிக்காவில் குறைந்த விலைக்குப் பெயர்பெற்ற லம்பர் லிக்குவிடேற்றர்ஸ் நிறுவனம், ரஷ்யாவின் தூரகிழக்கில் களவாக வெட்டிய ஓக் மரத்தில் சீனாவில் செய்த பலகையை இறக்கியது தொடர்பான வழக்கில் 2015 ஒக்ரோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சுங்கத்துக்குப் பொய்யான விவரம் கொடுத்ததும் அதில் அடங்கும். கட்ட நேர்ந்தது 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு மேல். அந்தக் காட்டில் ஓக் கொட்டையைத் தின்று காட்டுப்பன்றி வாழ்கிறது, பன்றியைத் தின்று சைபீரியப் புலி வாழ்கிறது. சதுர அடிக்கு ஓரிரு டொலர் குறைந்ததன் கணக்கு அங்கே போய் முடிந்தது.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரே தொழிற்சாலை பல பெயர்களில் பலகை செய்து கொடுப்பது இந்தத் தொழிலில் வழமை. பெயருக்காக மட்டும் அதிகம் கொடுக்க வேண்டாம். சில வருடத்தில் விற்கப்போகும் வீட்டுக்கோ வாடகைக்கு விடும் அறைக்கோ, பசையும் மரமும் ஒழுங்காகச் சான்று பெற்றிருந்தால் மெல்லிய மேலடுக்குள்ள பலகை தாராளமாகக் காணும். பிள்ளைகள் வளரப்போகும் வீட்டுக்கு மூன்று மில்லிமீற்றருக்குக் குறையாத மேலடுக்கை எடுங்கள்; மிச்சம் பிடிப்பதை நடுவடுக்கில் பிடியுங்கள். மேலடுக்கின் தடிப்பையும், பசையின் சான்றையும், மரம் வந்த நாட்டையும் எழுத்தில் தர மறுக்கும் கடையில் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.