முனைத் தொட்டியின் மூலம்: லியர்ஜெட் எரிபொருள் அமைப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

லியர்ஜெட் 23இன் இறக்கை முனைகளில் சுரைக்காய்போல் நீண்டிருக்கும் எரிபொருள் தொட்டிகள், சுவிட்சர்லாந்தின் பி-16 போர்விமானம் கொடுத்த சீதனம் என்பது விமான வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் கூற்று. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பி-16 முதன்முதலில் 1955இல் பறந்தது. இரண்டு விபத்துகளுக்குப் பின் 1958இல் சுவிஸ் அரசு 100 விமானங்களுக்கான கொள்முதலைக் கைவிட்டது. அந்த இறக்கையை அடிப்படையாகக் கொண்டு லியர்ஜெட்டை உருவாக்கிவந்த பில் லியர், 1962இல் வேலையை அமெரிக்காவின் விச்சிட்டாவுக்கு மாற்றினார். லியர்ஜெட் 23 அடுத்த ஆண்டு அக்டோபர் 7 அன்று பறந்தது. இந்த வம்சாவளியில் எனக்குச் சண்டையில்லை. இறக்கையின் வம்சாவளியைச் சொன்னால் தொட்டியின் கதையும் முடிந்துவிடும் என்ற அவசரத்தோடுதான் சண்டை.

முதலில், வடிவம் பி-16க்கு மட்டும் சொந்தமானதல்ல. பிரான்சின் நான்கு இருக்கை எம்.எஸ். 760 பாரிஸ் 1954இலேயே முனைத் தொட்டிகளோடு பறந்தது. அடுத்து, தொட்டி செய்த வேலை. எஃப்-80 போன்ற போர்விமானங்களில் முனைத் தொட்டி ஒரு மேல்மூட்டை: எஞ்சினிலிருந்து எடுத்த அழுத்தக் காற்று எரிபொருளை உள்ளே தள்ளும்; ஆபத்தென்றால் தொட்டியையே உதறிவிடலாம். லியர்ஜெட்டில் தொட்டியை உதற முடியாது. அவசரத்தில் எரிபொருளை மட்டும் வெளியே கொட்டலாம்.

இங்கே என் முக்கியச் சான்று ஒரு சுவிட்சின் மேல் இருக்கும் எழுத்து. பிற்கால 35ஆம் மாடலின் எரிபொருள் பலகையில், உடல்பகுதித் தொட்டிக்கான சுவிட்சுக்கு மூன்று நிலைகள்: ‘எக்ஸ்ஃபர்’, ‘ஆஃப்’, ‘ஃபில்’. முதலாவது புரிகிறது, உடல்பகுதி எரிபொருளை இறக்கைகளுக்கு அனுப்புவது. ‘ஃபில்’ எதற்கு? வழக்கமான ஏற்பாட்டில் எரிபொருள் ஊற்றும் மூடி முனைத் தொட்டியின் மேல்தான் இருக்கிறது. ஊழியர் அங்கே குழாயைப் பிடிக்க, ஒருபக்கம் மட்டும் திறக்கும் மடல் வால்வுகள் வழியே எரிபொருள் தானாக இறக்கைக்குள் வடியும். இறக்கையிலுள்ள மின்பம்புகள் அதை உடல்பகுதித் தொட்டிக்கு ஏற்றும். அந்த ஏற்றத்தின் பெயர்தான் ‘ஃபில்’. அதாவது முனைத் தொட்டி இங்கே மேல்மூட்டையல்ல. முழு அமைப்பின் வாய்.

பறக்கும்போதும் அப்படியே. தொட்டியின் மேல்பாதி தானே இறக்கைக்கு வடிகிறது. அடியில் தங்குவதை உறிஞ்ச ஜெட் பம்ப் இருக்கிறது. அதில் சுழலும் உறுப்பே கிடையாது. எஞ்சின் பம்ப் திருப்பியனுப்பும் அழுத்தமான எரிபொருள் குறுகிய துளையில் பாய்ந்து, பக்கத்து எரிபொருளையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு எஞ்சினும் தன் பக்கத்து இறக்கையிலிருந்தே குடிக்கிறது. இடம் வலம் மாறினால் சமன்செய்ய இறக்கைகளுக்கிடையே ஒரு குறுக்குவழி வால்வு. அது இல்லாமல் முடியாது: துலாக்கோலின் கடைசி முனையில் தொங்கும் கல்லுக்குத்தான் வலிமை அதிகம். அந்த எடையே மேல்நோக்கி வளையும் இறக்கையைக் கீழே அழுத்தி, அதன் அடிப்பகுதியின் பாரத்தையும் குறைக்கிறது என்பது வேறு விஷயம்.

ஒரு சுவிட்சின் எழுத்தை வைத்து 1963இன் நோக்கத்தை நிறுவுவது மெலிந்த வாதம் என்பது தெரியும். 35ஆம் மாடல் பறந்ததோ 1973இல்; நடுவில் பத்தாண்டுகள். ஆனாலும் 35இன் மொத்த எரிபொருளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முனைகளில்தான் இருந்தது என்பதைப் போர்விமான மரபு என்று மட்டும் சொல்லிக் கடக்க முடியாது.

முனைத் தொட்டியின் முடிவுக்காலமும் வழக்கமாகச் சொல்வதுபோல் சுத்தமாக இல்லை. 1977இல் பறந்த லியர்ஜெட் 28 முனைத் தொட்டியைக் கழற்றி, நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப் ஆய்ந்து உருவாக்கிய விங்லெட்டை, அதாவது இறக்கை முனையில் மேல்நோக்கி நிற்கும் சிறு இறக்கையை, மாட்டியது. அதற்குப் பிறகும் 35, தொட்டியோடே 1990கள் வரை உற்பத்தியில் இருந்தது. இஸ்ரேலின் வெஸ்ட்விண்ட் 2 இரண்டில் எதையும் விடவில்லை: முனைத் தொட்டியின் மேலேயே விங்லெட்டை நட்டு வைத்தது.