கேள்வியும் பிணையும்: உடப்புசல்லாவை வட்டாரத்தில் அரசாங்கக் கொந்தராத்தின் வரலாறு

அரசாங்கம் தனக்கு வேண்டிய பொருளையோ வேலையையோ வெளியாரிடமிருந்து பெறுவதற்கு விடுக்கும் அழைப்பை ஆங்கிலேயர் டெண்டர் என்பர். இலங்கைத் தமிழில் அதற்குக் கேள்வி என்று பெயர். கேள்விப்பத்திரம், கேள்விச் சபை, கேள்வி கோரல் ஆகிய தொடர்கள் யாவும் இச்சொல்லினின்றே கிளைத்தன. ஏலத்தில் ஒரு பொருளைக் கேட்டல் என்னும் மக்கள் வழக்கே இதற்கு மூலம் எனக் கொள்வது பொருந்தும். இதன் துணைச் சொற்களோ கடல் கடந்து வந்தவை. யாழ்ப்பாணத்தார் சொல்லும் கொந்தராத்தும், மலைநாட்டுத் தோட்டங்களில் வழங்கும் கொந்தரப்பும், சிங்களத்தில் குத்தகையைக் குறிக்கும் ரேந்தவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற எச்சங்கள். கேள்வி என்ற ஒரு சொல்லுள் இருவேறு வணிகங்கள் அடங்கியுள்ளமை நோக்கத்தக்கது. பழைய குத்தகையிற் கூடக் கேட்டவனுக்கு உரிமை கிடைத்தது. இற்றைக் கொந்தராத்திற் குறையக் கேட்டவனுக்கு வேலை கிடைக்கின்றது. இவ்விரண்டிற்கும் பொதுவாய் நின்றது பிணை. கேட்பவன் தவறினால் எதனைப் பிடித்து விற்கலாம் என்பதே அரசாங்கத்தின் முதல் வினாவாக இருந்து வந்திருக்கின்றது.

பொதுப்பணத்தைக் கையாள்பவனுக்குத் தகுதி வரையறுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 921இல், உத்தரமேரூர் மகாசபையார் கல்லிற் பொறித்த விதிகளை வரலாறு பயின்றோர் அறிவர். ஏரி வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை வழித் தெரியப்படுவோர் இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவராய், தம் சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராய், 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் உள்ளவராய் இருத்தல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இவர்கள் சபைப் பணி செய்தோர், கொந்தராத்துக்காரர் அல்லர். ஆயினும் நிலமும் மனையுமே ஒருவனது நாணயத்துக்குச் சான்று என்ற எண்ணம் அக்கல்லில் ஐயத்துக்கிடமின்றி நிற்கின்றது. அதே எண்ணம் ஆயிரம் ஆண்டுகளின் பின் இலங்கை மலைநாட்டில் எவரைக் கச்சேரி வாயிலுக்குள் விட்டது, எவரை வெளியே நிறுத்தியது என்பதை உடப்புசல்லாவை வட்டாரத்தைக் கொண்டு ஆராயலாம்.

உடப்புசல்லாவை நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பிரிவைச் சேர்ந்த சிற்றூர். இதனைச் சூழ்ந்த மேட்டு நிலத்தில் தேயிலைத் தோட்டங்களும், பள்ளத்தாக்குகளிற் சிங்களக் கிராமங்களின் படிவயல்களும் உள்ளன. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டபோது தோட்டங்கள் இல்லை, வயல்களே இருந்தன. ஆகவே இவ்வட்டாரத்தில் அரசாங்கம் முதன்முதலிற் கேள்விக்கு விட்டது நெல்வரியை வாங்கும் உரிமையே.

விளைவிற் பத்திலொன்று அரசுக்கு என்பது பெருவழக்கு. அதனை வீடுவீடாகச் சென்று வாங்க உத்தியோகத்தர் இன்மையால், அரசாங்கம் ஆண்டுதோறும் அவ்வுரிமையை ஏலத்திற் கூறிற்று. கூடக் கேட்ட குத்தகைக்காரன் பிணை கொடுத்து உரிமையைப் பெற்றான். பின்னர் தான் கொடுத்ததற்கு மேலே களத்துமேட்டில் ஈட்டிக்கொண்டான். இம்முறையின் கொடுமையை மாற்றுதற்கென 1878ஆம் ஆண்டின் தானியச் சட்டம் வரியைக் காசாக நிலைப்படுத்தியது. குத்தகைக்காரன் மறைந்தான், ஆனால் குடியானவனே தன் வயலைப் பிணையாக வைத்தவனாய் ஆயினான். காசு கட்டத் தவறினால் வயல் விற்கப்படும். அக்காலத்திற் கோப்பிச் செடியை நோய் அழித்தமையால் கிராமத்தார் தம் தோட்டக் கோப்பியை விற்றுக் காசு காணும் வழியும் அடைபட்டது. 1880களில் வலப்பனையிலும் அயலிலுள்ள உடுகிந்தையிலும் எண்ணிறந்த வயல்கள் வரிப்பாக்கிக்காக விற்கப்பட்டன. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த சி. ஜே. ஆர். லெ மெசூரியர், காணியிழந்த வலப்பனை மக்கள் பட்டினியால் மாண்டதை மறைக்காமல் எழுதினார். ஜோர்ஜ் வால் என்பார் இவ்வரிக்கெதிராக நடத்திய கிளர்ச்சி இலண்டன் வரை சென்றது. 1893ஆம் ஆண்டு தொடக்கத்தில் நெல்வரி ஒழிந்தது. விற்கப்பட்ட வயல்கள் அதனால் மீளவில்லை. ஓர் உத்தியோகத்தர் தம் அரசாங்கத்துக்கு ஒவ்வாத உண்மையை அறிக்கையில் எழுதுவது எக்காலத்தும் அரிது. லெ மெசூரியரின் ஏனைய செய்கைகள் எவ்வாறாயினும் இதற்காக அவர் பெயர் நினைக்கப்படுதல் தகும்.

நெல்வரியினும் பெரிய வியாபாரம் சாராயக் குத்தகை. ஒரு மாகாணத்தின் அல்லது மாவட்டத்தின் தவறணைகளில் சாராயம் விற்கும் தனியுரிமை ஏலத்திற் போயிற்று. தோட்டங்கள் பெருகப் பெருகத் தவறணைகளும் பெருகின. இவ்வேலத்திற் கேட்பதற்குப் பெருமுதலும் நிலமுடைய பிணைகாரரும் வேண்டும். ஆதலால் மொறட்டுவை, பாணந்துறைப் பக்கத்துச் சில குடும்பங்களே பெரும்பாலும் கேட்டன. ஒருவருக்கு மற்றவர் பிணை நின்றனர்; ஏலத்துக்கு முன்னரே தம்முட் பேசி விலையைத் தாழ்த்தியதும் உண்டு. இவர்களில் தலைசிறந்தவரான ஜெரோனிஸ் த சொய்சா, சாராயக் குத்தகையால் ஈட்டிய பொருளைக் கொண்டு, 1837இல், வலப்பனைக்கு அடுத்த ஹங்குராங்கெத்தையில் கண்டி மன்னரின் அரசவனமாயிருந்த 482 ஏக்கரை 411 பவுணுக்கு வாங்கினார். குத்தகை நிலமாயிற்று, அந்நிலம் அடுத்த குத்தகைக்குப் பிணையாயிற்று. இச்சுழலில் ஒருமுறை புகுந்தவர் மேலேறினர். புகாதவர்க்குப் படி எட்டவில்லை. 1912ஆம் ஆண்டின் கலாற் சட்டம் பெருங்குத்தகை முறைக்கு முடிவு கண்டது. அதற்குள் அக்குடும்பங்கள் தோட்ட முதலாளிகளாகவும் அவர்தம் மக்கள் நியாயவாதிகளாகவும் ஆகிவிட்டனர்.

குறையக் கேட்பவனுக்குக் கொடுக்கும் இற்றை முறை இலங்கையிற் பெருமளவில் வேரூன்றியது தெருக்களோடும் புகையிரதப் பாதைகளோடுமாம். கொழும்பு – கண்டிப் பாதை அதற்குச் சிறந்த உதாரணம். முதலிற் பொறுப்பேற்ற கம்பனியின் மதிப்பீடு ஏறிக்கொண்டே போனமையால் 1861இல் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. பின்னர் கேள்வி கோரப்பட்டு, டபிள்யூ. எப். பேவியெல் என்பாரின் 8,73,039 பவுண் கேள்வி ஏற்கப்பட்டது. இவர் முன்னரே பம்பாய் – தாணாப் பாதையின் வேலையிற் பங்குகொண்டவர். அனுபவம் ஒரு தகுதியாக எண்ணப்பட்டமைக்கு இது சான்று. 1863இல் தொடங்கிய வேலை 1867இல் முடிந்தது. நுவரெலியாப் பகுதிக்கோ சிற்றகலப் பாதையே கிடைத்தது. 2 அடி 6 அங்குல அகலமுடைய உடப்புசல்லாவைப் புகையிரதப் பாதை நானுஓயாவிலிருந்து 1903இல் நுவரெலியாவையும், 1904இல் கந்தப்பளை வழியே இராகலையையும் அடைந்தது. உடப்புசல்லாவை என்று பெயர் தாங்கிய அப்பாதை உடப்புசல்லாவைக்கு வந்து சேரவேயில்லை. 1948இல் அது மூடப்பட்டது.

இத்தெருக்களையும் பாதைகளையும் வெட்டியவர்களுள் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினர். ஆனால் அரசாங்கக் கொந்தராத்துக்காரராக அவர்களைக் காண்டல் அரிது. தோட்டத்தினுள் மட்டும் அவர்களுக்கு ஒரு கொந்தராத்து முறை இருந்தது. பெரிய கங்காணி துரையிடம் முற்பணம் வாங்கிக் கடலுக்கு அப்பாற் சென்று ஆள் திரட்டி வந்தான். ஏக்கருக்கு இவ்வளவு எனப் பேசிப் புல்லு வெட்டும் வேலையைக் கொந்தரப்புக்கு எடுத்தான். அவனுக்கு இலங்கையிற் காணி இல்லை. பிணை நிற்க உறவினரும் இல்லை. அவன் கொடுத்த பிணை அவனுடைய ஆட்களே. ஒவ்வொருவர் தலையிலும் ஏற்றப்பட்ட கடன் துண்டில் எழுதப்பட்டது; அக்கடனைத் தீர்ப்பதாக வேறொரு தோட்டம் ஏற்றாலன்றி அவர்கள் இடம்பெயர முடியாது. வலப்பனைக் குடியானவனுக்கு வயல் எவ்வாறோ, கங்காணிக்கு மனிதர் அவ்வாறு. 1921இல் துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டபோது மனிதர் பிணையாகும் நிலை ஒழிந்தது. அவ்விடத்தில் வைப்பதற்கு வேறெதுவும் தொழிலாளர் கையில் இல்லை. லயத்து அறை தோட்டத்துக்கு உரியது. வேலை நின்றால் அறையும் நின்றது.

உள்ளூராட்சி வளர்ந்த விதமும் இவர்களுக்கு ஒவ்வவில்லை. 1865ஆம் ஆண்டின் மாநகர சபைச் சட்டம் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களுக்கானது. 1871இல் புத்துயிர் பெற்ற கிராமச் சபை, சிங்களக் கிராமத்தையே கருத்திற் கொண்டது. 1937இல் அரசாங்க சபைக்கு வந்த கிராமச் சபைத் திருத்தம் தோட்டத் தொழிலாளரை வாக்குரிமையினின்றும் விலக்க முற்பட்டபோது இந்திய அரசாங்கம் வரை கண்டனம் எழுந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் அவர்களிற் பெரும்பாலோர் எந்நாட்டினரும் அல்லாதவராயினர். நாடற்றவன் அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்ய வருவான் என எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். 1964இன் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை ஒரு பகுதியினரைக் கப்பலேற்றிற்று; எஞ்சியோரின் நிலை 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களாற்றான் தீர்ந்தது.

இதற்கிடையே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோன்றி, 1991இல் முதற்றேர்தலும் நடந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தனர். அவர்களுள் உறுப்பினரும் தெரிவாயினர். ஆயினும் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிட இடந்தரவில்லை எனப் பொருள்கொள்ளப்பட்டது. தோட்டத்தார் வாக்கினால் வந்த உறுப்பினர், அவ்வாக்காளர் நடக்கும் லயத்துப் பாதைக்கு ஒரு பறை மணலுக்கும் கேள்வி கோரச் சொல்ல இயலாதவராய்ச் சபையில் அமர்ந்திருந்தார். நகைப்புக்கிடமான இந்நிலை கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இற்றை நடைமுறையைச் சுருக்கமாகக் காணலாம். ஆண்டிறுதியிற் பிரதேச சபைகள் அடுத்த ஆண்டுக்கான வழங்குநரையும் ஒப்பந்தக்காரரையும் பதிவு செய்வதற்கு விளம்பரம் விடுக்கும். விண்ணப்பிப்பவர் வியாபாரப் பதிவுச் சான்றிதழையும், மீளப் பெறமுடியாத ஒரு கட்டணத்தையும் செலுத்துவர். கட்டட வேலையாயின், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை வழங்கும் தரமும் வேண்டும். அத்தரம் ஆளணி, முதல், முன்செய்த வேலை என்பவற்றைப் பொறுத்தது. 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு 1987ஆம் ஆண்டின் பொது ஒப்பந்தச் சட்டப்படி தனிப்பதிவு உண்டு. முத்திரையிட்ட பெட்டியில் இடப்பட்ட கேள்விகள் குறித்த நேரம் முடிந்தவுடன் வந்திருப்போர் முன்னிலையில் திறக்கப்பட்டு, விலைகள் உரத்து வாசிக்கப்படும். தொழினுட்ப மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து கூறப் பெறுகைக் குழு தீர்மானிக்கும். 2006ஆம் ஆண்டின் பெறுகை வழிகாட்டி இதனை நெறிப்படுத்தியது. அதன் இடத்துக்கு வந்த புதிய வழிகாட்டி 2025 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. சந்தையையும் இறைச்சிக்கடையையும் ஆண்டுக் குத்தகைக்கு விடும்போது மட்டும் பழைய வழக்கே இன்றும் நிலவுகின்றது. அங்கே கூடக் கேட்டவனுக்கே உரிமை.

இவ்விதிகளுள் எங்கும் ‘காணி உடையவன்’ என்ற சொல் இல்லை. உத்தரமேரூர்க் கல்லினும் இவை தாராளமானவை போலத் தோன்றும். ஆனால் கேள்வியோடு வங்கிப் பிணைமுறி இணைக்கப்படல் வேண்டும். தெரிவானபின் நிறைவேற்றப் பிணைமுறியும் வேண்டும். வங்கி, முழுக் காசை வைக்க முடியாதவனிடம் ஆதனத்தை ஈடாகக் கேட்கும். சட்டம் கேளாது விட்ட கால்வேலியை வங்கி கேட்டு வாங்குகின்றது. அனுபவம் என்னும் நிபந்தனையும் அவ்வாறே: வேலை பெற்றால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. தோட்டத்து மேசன் பத்தாண்டு கட்டடம் கட்டினாலும் வேறொருவர் பெயரிற் கட்டியது அவனது பதிவில் ஏறுவதில்லை.

சில வாயில்கள் திறந்துள்ளமையையும் மறுத்தல் ஆகாது. பதிவு பெற்ற மக்கள் அமைப்புகளுக்குச் சிறு வேலைகளைப் போட்டியின்றிக் கொடுக்க வழிகாட்டிகள் இடமளித்தன. கிராமங்களில் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதனால் பயன்பெற்றன. தோட்டங்களில் 1990கள் முதல் அமைந்த தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் கட்டடப் பொருள் வாங்குவதிலும் கடன் வழங்குவதிலும் பழகின. 1992இல் தோட்டங்கள் பிரதேசக் கம்பனிகளாகப் பகுக்கப்பட்டு நிருவாகம் தனியாருக்கு விடப்பட்டபோது, அக்கம்பனிகளுள் ஒன்று உடப்புசல்லாவையின் பெயரையே சூடிக்கொண்டது. 2018இல் பாராளுமன்றம் 33ஆம் பிரிவைத் திருத்திற்று. தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை பணிசெய்யலாம் என்பது அதன்மேல் ஐயமற்ற சட்டமாயிற்று. சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து 2025 மே மாதத் தேர்தல் வரை உறுப்பினரின்றிக் கிடந்தமையால், அத்திருத்தத்தின் பயனைக் காணும் காலமும் குறுகியது.

2015க்குப் பிந்திய வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் கொள்கை வந்துள்ளது. 160 பேர்ச் ஓர் ஏக்கர். கால்வேலி ஒன்றரை ஏக்கருக்கும் மேற்பட்டது; அதனோடு வைத்து நோக்கினால் 7 பேர்ச் கைக்குட்டை அளவேயாம். எனினும் அது பெயரெழுதி உறுதி முடித்துக் கொடுக்கப்படுமாயின் வங்கிக்கு ஈடாகும் முதற்பொருள் அதுவே. உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள், வழங்குநர் பதிவு விண்ணப்பத்தில் முகவரி எழுதவேண்டிய இடத்தில் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதுகின்றனர். லயத்து அறைக்குத் தனி முகவரி இல்லாமையால், சபையின் மறுமொழி தோட்டக் கந்தோரின் தபாற் கட்டோடு வந்து சேர்கின்றது.