பேயைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும்
'மர்மயோகி' பற்றிச் சில குறிப்புகள்

தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் 'மர்மயோகி'க்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள். 1951 பிப்ரவரியில் வெளியான படம், எம்.ஜி.ஆரை நட்சத்திரமாக்கிய படங்களில் ஒன்று. பேய் வருகிற காட்சிகளுக்காகத் தமிழில் முதன்முதலாக 'ஏ' சர்டிபிகேட் பெற்ற படம். இத்தோடு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் ஒரு முரண்பாடு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படத்தில் பேயே கிடையாது.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். அரசனை மயக்கிய ஊர்வசி (அஞ்சலி தேவி), அவனைத் தீர்த்துக்கட்டியாகிவிட்டது என்று நம்பி அரியணை ஏறுகிறாள். காட்டிலே கரிகாலன் (எம்.ஜி.ஆர்.) இருக்கிறவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கிறான். அவனைப் பிடிக்க வேண்டியவன் தளபதி வீராங்கன் (சகஸ்ரநாமம்). அரண்மனைக்குள் செத்த அரசனின் ஆவி தோன்றி ஊர்வசியின் தூக்கத்தைக் கெடுக்கிறது. கடைசியில் ஆவி என்று நினைத்தது ஆவி அல்ல, சாகாத அரசனே (செருகளத்தூர் சாமா) என்று தெரிகிறது. பயந்தவள் குற்றம் செய்தவள். அவள் கண்ட பேய் அவள் செய்த குற்றம். இதற்குமேல் படம் பேயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆகவே, பேய் இல்லை என்று முடிகிற படத்துக்குப் பேய் இருப்பதாக அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்தது. இதைச் சென்சார்காரர்களின் அசட்டுத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். நான் அப்படிச் செய்துகொண்டிருந்தவன்தான். ஆனால் இந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் பேசப் பேச, சென்சார்காரர்கள் பார்த்த படத்தையும் சிலர் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

*

முதலில் படம் பிறந்த இடம். 'மர்மயோகி' கோயமுத்தூரில், சென்ட்ரல் ஸ்டூடியோவில், ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த படம். இந்த ஊருக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு பேசும் படத்துக்கு முந்தியது. 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் காட்டப் புறப்பட்ட சாமிக்கண்ணு வின்சென்ட் இந்த ஊர்க்காரர். 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டியவர். 1932இல் பைகாரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. மில்லில் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி 1930களின் நடுவில் ஸ்டூடியோவாக மாறியது. சினிமா இங்கே கலையாகவோ பக்தியாகவோ வருவதற்கு முன்னால் தொழிலாக வந்தது. நூல் நூற்பது போல, பம்ப்செட் வார்ப்பது போல, படம் எடுப்பதும் ஒரு தொழில்.

அந்தத் தொழிலின் சரக்குகளில் ஒன்று மாயாஜாலப் படம். 1944இல் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கத்தில் பி.யு. சின்னப்பா நடித்த 'ஜகதலப்ரதாபன்'. 1947இல் ஜூபிடரின் 'ராஜகுமாரி', எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனானது. ராஜகுமாரன், மந்திரவாதி, காடு, கத்திச்சண்டை, கொஞ்சம் பாட்டு, சிரிக்க ஓர் ஆள். கைக்குழந்தையிலிருந்து கிழவி வரை ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பதற்கான கலவை.

'ராஜகுமாரி'யை இயக்கிய ஏ.எஸ்.ஏ. சாமிதான் 1949இல் அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யையும் இயக்கினார். கதாநாயகன் காளி சிலையின் முன் நின்று அதைக் கேள்வி கேட்கிற படம். தி.மு.க. பிறந்ததும் அதே வருஷம். 'மர்மயோகி'யின் எழுத்தும் சாமியுடையது. இயக்கம் கே. ராம்நாத், காமிராக்காரராக இருந்து இயக்குநரானவர், அதற்கு முந்தைய வருஷம் இதே ஊரில் விக்டர் ஹ்யூகோவை 'ஏழை படும் பாடு' ஆக்கியவர். தெய்வச் சிலையைக் கேள்வி கேட்ட பேனா இரண்டு வருஷத்தில் பேயையும் பொய்யாக்கியது என்று வரிசைப்படுத்தினால் அழகாக இருக்கும். அவ்வளவு அழகாக வரிசைப்படுத்த எனக்குத் துணிவில்லை. 'வேலைக்காரி' தன் கொள்கையை உரக்கச் சொன்ன படம். 'மர்மயோகி' எதையும் உரக்கச் சொல்லவில்லை. கடைசி வரை பேயின் பயத்தை விற்றுவிட்டு, முடிவில் பேயைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இந்த இரட்டை வியாபாரத்தில்தான் அபிப்பிராயங்கள் பிரிந்தன.

*

இப்போது சர்டிபிகேட். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மாகாணத்துக்கு ஒன்றாக இருந்த தணிக்கைக் குழுக்கள் போய், மத்தியத் தணிக்கைக் குழு அமைந்தது 1951 ஜனவரியில். 'மர்மயோகி' வெளியானது அடுத்த மாதம். படங்களை 'யு', 'ஏ' என்று இரண்டாகப் பிரிக்கும் ஏற்பாடும் 1949 சட்டத் திருத்தத்தில் வந்ததுதான். இரண்டே பெட்டிகள்: எல்லோரும் பார்க்கலாம், பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும் பார்க்கலாம். நடுவில் எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் நடு ஒன்று இருந்தது. 1938இல் அங்கே டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்'டுக்குக் கிடைத்ததும் 'ஏ'தான். சூனியக்காரி குழந்தைகளைப் பயமுறுத்துவாள் என்று. ஆனால் அந்த 'ஏ'க்கு அர்த்தம் வேறு: பெரியவர் துணையோடு குழந்தை போகலாம். குழந்தை பயப்படும், பக்கத்தில் ஒரு மடி இருந்தால் போதும் என்கிற புரிதல் அதில் இருக்கிறது. நம்முடைய 'ஏ' மடியோடு சேர்த்து வெளியே அனுப்பியது. பெரியவர் துணையோடு என்கிற 'யுஏ' இங்கே வர 1983 ஆயிற்று. அதை ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுவாரியாகப் பிரிக்க 2024 ஆயிற்று.

ஆனால் கொங்குநாட்டு டூரிங் கொட்டகைகள் 1983க்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. மணல் தரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தவர்களிடம் வயதை யார் கேட்பது? சட்டத்தில் இல்லாத மடி கொட்டகையில் இருந்தது. என் அம்மிச்சி 'மர்மயோகி' பார்த்தது அப்படித்தான். அப்போது அவளுக்குப் பத்து வயது.

*

இந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாமவர் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. வருஷா வருஷம் நவம்பரில், தான் இன்னும் உயிரோடிருப்பதை நிரூபிக்க எங்கள் வங்கிக்கு வருவார். 1951இல் அப்பாவுக்கு மில் வாசலில் தூக்குப்போசி கொண்டுபோய்க் கொடுக்கிற பையன். படத்தைப் பற்றிக் கேட்டதும் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டார். "பேயெங்க தம்பி இருக்குது? செத்தவனா வந்தான், சாகாதவன் வந்தான். அதச் சொல்லத்தான படமே." கரிகாலன் கொள்ளையடித்துக் கொடுப்பதும் வில்லில் குறி தவறாததும் அவருக்கு இன்னும் காட்சி காட்சியாக இருக்கிறது. படத்துக்கு 'ஏ' கொடுத்திருந்தார்கள் என்று சொன்னேன். "ஏ படமா? அதுல அப்படி என்ன இருந்துச்சு?" என்று சிரித்தார். இந்தச் சிரிப்பு கவனிக்க வேண்டியது. 1951இல் பயத்துக்குக் கொடுத்த எழுத்து பிறகு காமத்துக்கு மட்டுமே உரியதாகிவிட்டது. சினிமாவில் எதிலிருந்து குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்கிற நம் எண்ணம் மாறிய கதை அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். நாற்பது வருஷம் 'மாக்பெத்' நடத்தியவர். "மேரி கொரெல்லியிடம் செத்துப் பிழைத்தவனை எடுத்து, ராபின் ஹூட்டிடம் காட்டை எடுத்து, மாக்பெத்திடம் பேயை எடுத்து ஒரே அண்டாவில் கிண்டின கிச்சடி" என்றார். உண்மைதான். மூன்றின் சாயலும் படத்தில் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மாக்பெத்தின் விருந்தில் பாங்க்வோவின் ஆவி வந்து உட்காருகிறது. அது மேடையில் தெரிய வேண்டுமா, மாக்பெத்தின் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டுமா என்று அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதாடுகிறார்கள். அதையும் எங்களுக்கு அவரைப் போன்றவர்களே நடத்தினார்கள், நாங்கள் பரீட்சையில் எழுதினோம். அதே கேள்வி மணல் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் வந்தபோது மட்டும் அது கிச்சடியாகிவிடுகிறது.

இந்த அபிப்பிராயத்தின் மேல் எனக்குக் கோபப்பட உரிமையில்லை. இருபத்திரண்டு வயதில் நான் எழுதிய முதல் கட்டுரை, தமிழனின் ரசனைச் சீரழிவுக்கு மாயாஜாலப் படங்களே காரணம் என்றது. அந்தப் படங்களில் இரண்டைக்கூட நான் அப்போது முழுசாகப் பார்த்திருக்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதே ரசனைக்கு அத்தாட்சி என்று நினைத்திருந்தேன். நம் சிற்றிதழ் மரபு ஜனரஞ்சக சினிமாவை மறுத்ததில் நியாயம் இருந்தது. அந்த மறுப்பு இல்லாவிட்டால் ரே பற்றியும் கட்டக் பற்றியும் தமிழில் பேச்சே எழுந்திருக்காது. ஆனால் மறுப்பதற்கும் பார்க்க மறுப்பதற்கும் உள்ள தூரத்தை நாம் அளக்கவில்லை. கல்வித்துறைக்காரர்கள் வேறு வழியில் வந்தார்கள். 1981இல் கா. சிவத்தம்பி தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தார், 1992இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். என்ற பிம்பத்தை அக்கக்காகப் பிரித்தார். பெரிய காரியங்கள். ஆனால் படம் பார்த்தவர்களை மொத்தமாகக் கூட்டிக் 'கூட்டம்' ஆக்கிவிட்டால், அந்தக் கூட்டத்துக்குள் பேயைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தது மறைந்துபோகிறது.

மில் தொழிலாளியின் படத்தில் கொள்ளைக்காரன்தான் நாயகன். அரசன் திரும்பி வருவது ஒரு முடிச்சு, அவ்வளவுதான். ஆனால் அதையும் யோசிக்க வேண்டும். 1950 ஜனவரியில் குடியரசாகி, சமஸ்தானங்களை அப்போதுதான் கரைத்து முடித்த ஒரு நாட்டில், அடுத்த வருஷமே, முறையான அரசன் மீண்டும் வந்து நிற்கும்போது கொட்டகை கைதட்டியது. ஏழைகளுக்குக் கொடுக்கிறவனையும் விரும்பினார்கள், பழைய அரசனையும் விரும்பினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாது என்பது நமக்குத் தெரிகிறது. அவர்களுக்கு அது தெரியவில்லையா, தெரிந்தும் பரவாயில்லை என்று விட்டார்களா என்பது அவர்களிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்காமல் எழுபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். எழுதத் தெரிந்தவர்களின் அபிப்பிராயம் அச்சில் இருக்கிறது. மற்றவர்களுடையது அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. சென்ட்ரல் ஸ்டூடியோவும் இன்றில்லை. அது இருந்த ரோட்டில் தினமும் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருந்தது தெரியும்?

*

மூன்றாவது என் அம்மிச்சி. அவளுக்குப் படத்தின் பெயர் தெரியாது. "பேய் படம்" என்பாள். ஊர்வசியோ கரிகாலனோ அவள் நினைவில் இல்லை. "ராத்திரி அரமனைல அது வந்து நின்னுச்சு பாரு கண்ணு. நான் எங்காத்தா மடில மூஞ்சிய வெச்சவ, படம் உட்டப்பறந்தான் எடுத்தேன். மூணு நாள் காச்சல். கோயல்ல கொண்டுபோயி துண்ணூறு போட்டாங்க." கேட்கும்போதெல்லாம் இதையே, இதே சொற்களில் சொல்வாள். ஆகவே பேய் மனிதனாக மாறுகிற முடிவை அவள் பார்க்கவில்லை. அவளுடைய 'மர்மயோகி' பாதியில் நின்ற படம். அதில் பேய் பேயாகவே இருந்தது. தணிக்கைக் குழு எந்தக் குழந்தையை மனதில் வைத்து 'ஏ' கொடுத்ததோ அந்தக் குழந்தை அவள்தான். அரசாங்கம் அசடு அல்ல. அது அம்மிச்சியைப் போலப் பார்த்தது. படத்தின் முடிவைக் கணக்கில் எடுக்காமல் ஒரு காட்சியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதியது. அவள் செய்தால் அது பயம். தணிக்கைக் குழு செய்தால் அது விதி. ஆசிரியரும் நானும் செய்தபோது அதற்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

நான் படத்தை முதலில் முழுசாகப் பார்த்தது செல்போனில். போன வருஷம் ஊருக்குப் போனபோது அதைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மிச்சியிடம் உட்கார்ந்தேன். கண்ணில் புரை, சரியாகத் தெரியாது. குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆவி வருகிற இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். முடிவு வந்ததும், "அம்மிச்சி, அது பேயில்லீங்க. அந்த ராசாவேதானுங்க, சாகவே இல்லைங்க" என்று விளக்கினேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இது வேற படமாட்ட இருக்குது சாமி" என்றாள்.